வெறும் கரைசல் காட்டிய பெட்டி

உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சின்னவள் அதைச் சொன்னாள். வீட்டில் உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல்.

"அக்கா, நான் திங்கக்கிழமையிலிருந்து சாயப்பட்டறைக்கே போயிடறேன். மேஸ்திரிகிட்ட கேட்டாச்சு. இடம் இருக்காம், வரச் சொல்லிட்டார்."

மூத்தவள் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே ஒன்பதாவது நாளாக மழை. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புகை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தார்கள். அதனால் சாரலும் வந்தது, புகையும் நின்றது.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின?"

"யாரைக் கேக்கணும்? என் கை, என் ராசி. எனக்கே தெரியுதே."

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள். ஓரகத்திகள் என்றாலே தினம் ஒரு சண்டையை அக்கம்பக்கம் எதிர்பார்க்கும். இந்த வீட்டுச் சுவரில் காதை வைத்தவர்களுக்கு ஆறு வருஷமாக ஏமாற்றம்தான். அண்ணன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் சாலையில் கழியும். தம்பி சந்தையில் மூட்டை தூக்கியவன். நாலு மாதம் முன்னால் ஒரு மூட்டையோடு சரிந்து விழுந்தான். இப்போது நடு அறையில் பலகைமேல் முதுகை நேராக வைத்துப் படுத்துக்கொண்டு, கூரையில் பல்லி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறான்.

சின்னவள் பதினாறு வயதிலிருந்து சாயப்பட்டறையில் இருந்தவள். நகக்கண்ணில் நீலம் போகவே போகாது. அது போகாவிட்டால் போகட்டும், இருமல் போகவில்லை என்பதுதான் மூத்தவளுக்குக் கவலை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவதை ஆறு வருஷம் கேட்டவள். தான் வேலை பார்க்கிற ஆய்வகத்தில் கரைசல் கலக்கிக்கொண்டிருந்த பெரியவர் வேலையை விட்டுப் போகிறார் என்று தெரிந்ததும், தலைவர் மேசைமுன் போய் நின்று, "சார், எங்க வீட்ல ஒருத்தி இருக்கா. அளந்து ஊத்தறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது" என்று சொல்லி இடம் பிடித்தாள். இரண்டு மாதம் பார்ப்போம் என்றார் அவர். அந்த இரண்டு மாதம் இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. இன்றைக்குப் புதன்.

ஆய்வகத்துக்கு வந்த பிறகு இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. அதைத்தான் மூத்தவள் இப்போது நினைத்தாள்.

"ராசியாவது மண்ணாவது! மிஷின் கோளாறுக்கு நீ என்னடி பண்ணுவ?"

"எல்லாரும்தான் சொல்றாங்களே. நான் தனியா வேலை பார்க்க ஆரம்பிச்ச வாரத்துலேர்ந்துதானே அந்தப் பெட்டி வருது? இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

மூத்தவள் வாரங்களை எண்ணிப் பார்த்தாள். அது உண்மை.

அந்தப் பெட்டி என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில் மூத்தவள் ஓட்டுகிற மிஷின் ஒரு சின்ன அலமாரி அளவு இருக்கும். அதன் வயிற்றில் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் தகடு. தகட்டின்மேல் தங்கப் பூச்சு, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசு. கீழேயிருந்து அந்தத் தங்கத்தின்மேல் ஒளியை அடிக்கும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வருகிற ஒளியை மட்டும் தங்கம் விழுங்கிவிடும். திரும்பி வரும் வெளிச்சத்தில் அந்த இடம் நிழலாகத் தெரியும். தங்கத்தின்மேல் ஏதாவது வந்து ஒட்டினால் அந்த நிழல் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதைத் திரையில் கோடாக வரையும். வித்தை அவ்வளவுதான். இதைத் தெருவுக்குப் புரியவைக்கப் போய், மூத்தவள் நகைக்கடையில் இருப்பதாக ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. காய்கறிக்காரி இவளிடம் மட்டும் பேரம் பேச இடம் கொடுப்பதில்லை.

இவர்கள் பார்ப்பது விஷமுறிவு மருந்து. தங்கத்தின்மேல் பாம்பு விஷத்தைத் துளி ஒட்டவைத்து, அதன்மேல் மருந்தை ஓடவிடுவார்கள். பக்கத்திலேயே விஷம் ஒட்டாத இன்னொரு வழியிலும் அதே மருந்து ஓடும். நல்ல மருந்து விஷம் இருக்கிற வழியில் மட்டும் ஒட்ட வேண்டும். கோடு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். விருந்தாளி மாதிரி, வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கிளம்புகிறேன் என்று எழுந்து, வாசலில் நின்று அரைமணி பேசிவிட்டுத்தானே போவார்.

மூன்று வாரமாகக் கோடு அப்படி வரவில்லை. குப்பென்று நெட்டுக்குத்தாக ஏறுகிறது, மட்டமாக நிற்கிறது, மருந்து நின்றதும் தொப்பென்று விழுகிறது. பெட்டி. விஷம் இருக்கிற வழியிலும் பெட்டி, இல்லாத வழியிலும் பெட்டி. மூத்தவள் காற்றுக் குமிழியாக இருக்கும் என்று குழாய்களை அலசினாள். தகடு பழசு என்று புதுத் தகடு போட்டாள். மழைக்குளிர் என்று அறையைச் சூடாக்கினாள். கடைசியில் மருந்தே கலக்காமல், குளிர்பெட்டியிலிருந்து வெறும் கரைசலை எடுத்து ஓடவிட்டாள். அதற்கும் பெட்டி வந்தது. ஆளே வராத வீட்டில் விருந்து நடக்கிறது என்றால் என்ன செய்வது?

இதில் ஒரு விபரீதமும் நடந்திருந்தது. முதல் வெள்ளிக்கிழமை, பெட்டியைப் பெட்டி என்று புரிந்துகொள்வதற்குள், ஒரு மருந்துத் தொகுதி கண்டதிலும் ஒட்டுகிறது, சரியில்லை என்று அறிக்கை போய்விட்டது. மருந்து செய்த கம்பெனிக்காரர்கள் அந்தத் தொகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அழித்துவிடப் போகிறார்களாம்.

"கிழங்கை ரொம்பச் சீவாத. தோலைவிட உள்ளே இருக்கறதுதான் அதிகமா போகுது" என்றாள் மூத்தவள்.

சாப்பிட்டு முடித்ததும் மூன்று வாரத்துக் காகிதங்களையும் பையிலிருந்து எடுத்தாள். ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தன. உலர்த்தவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும் என்று நடு அறைத் தரையில் நாள் வரிசையாகப் பரப்பினாள். பலகைமேல் படுத்திருந்தவனின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை காகிதம்.

"அண்ணி, என்னைச் சுத்திக் கோலம் போடறீங்களா?"

"வாயை மூடிட்டுப் படு."

அவன் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தான். நாலு மாதமாகக் கூரையைத் தவிர வேறு படம் பார்க்காதவன். காகிதம் அவனுக்குப் புதுசு.

"படிக்கட்டு மாதிரி இருக்கு. ஏறி ஏறிப் போயி, அப்புறம் மறுபடி தரை. மறுபடி ஏறுது."

"எங்கடா?"

"இதோ. இங்க குட்டையா ஒரு பெட்டி, அடுத்தது கொஞ்சம் உசரம், அடுத்தது இன்னும் உசரம். அஞ்சாவது தாள்ல பார்த்தா ஒண்ணுமே இல்ல. அப்புறம் மறுபடி குட்டை. மூட்டை அடுக்கறவனுக்கு இதெல்லாம் சட்டுனு கண்ல படும் அண்ணி."

மூத்தவள் தாள்களின் தலையில் தேதியைப் பார்த்தாள். செவ்வாய் குட்டை. புதன் அதைவிட உயரம். வியாழன் இன்னும். வெள்ளி எல்லாவற்றையும்விட உயரம். திங்கள் தரை. இரண்டு வாரமும் அப்படியே, இந்த வாரமும் அதே வழியில்தான். தனித்தனியாக ஒவ்வொரு நாளையும் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவளுக்கு, வாரத்தைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கோடு ஆரம்பிக்கிற இடமும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்திருந்தது. தகடு தேய்கிறது என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். தகடு தேய்ந்தால் திங்கட்கிழமை திரும்ப வளருமா?

திங்கட்கிழமைதான் புதுக் கரைசல் கலக்குகிற நாள்.

சுவர் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவளும் அதைப் பார்த்துவிட்டாள். மடிப்பதை நிறுத்தவில்லை. முகம் மட்டும் செத்துவிட்டது.

"கரைசல்ல ஏதாவது மாத்தினியாம்மான்னு அன்னிக்கே சார் கேட்டார். சத்தியமா எதையும் மாத்தலை அக்கா. பெரியவர் எழுதிக் கொடுத்த அளவுதான். கிராம் பிசகாது."

"தெரியும்டி. நாளைக்கு ஒண்ணு பண்ணு. ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு பேரும் போவோம். நீ தினமும் காலையில என்னென்ன பண்ணுவியோ, ஒண்ணு விடாம செஞ்சு காட்டு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"அண்ணி வாயே திறக்க மாட்டாங்களாம்" என்றான் பலகைமேல் இருந்தவன். "மிஷின் அதிசயத்தைவிட இது பெரிய அதிசயமா இருக்கே."

வியாழக்கிழமை காலை ஆய்வகத்துக்கு யாரும் வந்திருக்கவில்லை. மழைக்கோட்டுகளை மாட்டிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். சின்னவளுக்கு மாமியார் முன்னால் முதல் சமையல் செய்கிற மாதிரி இருந்தது. கை கழுவினாள். நகக்கண்ணைத் தேய்த்தாள். தராசைத் துடைத்தாள், மட்டம் பார்த்தாள். குடுவைகளைக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் பட்டறைப் பழக்கம் தெரிந்தது. பொருள் எடுத்த இடத்தில் பொருள், துணி எடுத்த இடத்தில் துணி. மூத்தவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அரை லிட்டர் அளவு உருளையில் சுத்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மிஷின் அறைக்கு வந்தாள். மிஷினின் பக்கத்தில் மூன்று லிட்டர் பாட்டில். அதிலிருந்துதான் ஒரு மெல்லிய குழாய் வழியாக உப்புக் கரைசல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். தங்கம் ஒரு நிமிஷமும் காயக் கூடாது. பாட்டிலில் ஒரு கோடு. கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது கரைசல். சின்னவள் குழாயை அலுங்காமல் தூக்கி, தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றினாள். கோட்டில் வந்து நின்றது ஒரு துளி பிசகாமல். பாட்டிலை இரண்டு சுற்று சுழற்றினாள். குழாயைப் போட்டாள். மிச்சத் தண்ணீரோடு உருளையைக் கொண்டுபோய்க் கரைசல் அறையில் வைத்துவிட்டு வந்தாள்.

"அவ்வளவுதான் அக்கா. அப்புறம் நீங்க வந்துடுவீங்க."

மூத்தவள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்குக்காக அல்ல; திறக்க வரவில்லை.

"என்னக்கா?"

"நீ இப்ப ஊத்தினது என்ன?"

"தண்ணி."

"தினமும் ஊத்துவியா?"

"செவ்வாயிலேர்ந்து வெள்ளி வரைக்கும். திங்கக்கிழமைதான் புதுசு கலக்கிடறோமே. கோட்டுக்குக் கீழ இறங்க விடாதேன்னு நீங்கதானே பாட்டில்ல எழுதி ஒட்டியிருக்கீங்க?"

ஒட்டியிருந்தது. மூத்தவளின் கையெழுத்துதான், நல்ல கொட்டை எழுத்தில்.

"இறங்கினா அலமாரியில இன்னொரு பாட்டில் கரைசல் இருக்கே, அதை ஊத்தணும்டி! தண்ணியை எதுக்கு ஊத்தின?"

சின்னவள் முழித்தாள். பிறகு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"கரைசலை எப்படிக்கா ஊத்தறது? பட்டறையில தொட்டி வத்தும். வத்தறது தண்ணிதானே, சாயமா வத்தும்? சாயம் உள்ளதான் இருக்கும். அதனால வத்தினதுக்குத் தண்ணிதான் ஊத்தணும். சாயத்தை ஊத்தினா கெட்டியாகி நிறமே மாறிடும். அங்க எனக்கு முதல் நாள் சொல்லித் தந்ததே அதுதான். பெரியவர் இருந்தவரைக்கும் இந்தப் பாட்டிலை அவரேதான் பார்த்துக்கிட்டார். இதுலயும் உப்பு எங்க போகப்போகுதுன்னு..."

"இது வத்தலைடி" என்றாள் மூத்தவள். "மிஷின் குடிக்குது."

மேசைக்கு அடியில் குனிந்து கறுப்புக் கேனை இழுத்துக் காட்டினாள். மிஷின் குடித்ததெல்லாம் இன்னொரு குழாய் வழியாக அதில் வந்து விழுந்துகொண்டிருந்தது, சொட்டுச் சொட்டாக. துப்புரவு ஆள் மாலையில் அதை எடுத்துப்போவார். சின்னவள் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. பாட்டிலைத் தவிர மிஷின் பக்கம் எதையும் தொடாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தொடாதே என்றால் குனிந்தும் பார்க்காதவள் அவள்.

கரைசல் குறையக் குறையத் தண்ணீர். செவ்வாய் கொஞ்சம் நீர்த்தது, வெள்ளிக்குள் பாதிக்குப் பாதி நீர்த்தது. குளிர்பெட்டியில் இருக்கிற கரைசலோ திங்கட்கிழமைக் கரைசல், முழு உப்பு. மருந்தையும் அதில்தான் கலக்குகிறார்கள். நீர்த்துப்போனது ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் திடீரென்று முழு உப்பு வந்தால், தங்கத்தில் ஒன்றும் ஒட்டாமலேயே நிழல் நகரும். உப்பு போனதும் திரும்ப வரும். அதுதான் பெட்டி. அலமாரியைத் திறந்து பார்த்தாள். மாற்றுப் பாட்டில் மூன்று வாரமாகத் தொடாமல் கழுத்துவரை நிறைந்து நின்றது. தினமும் அந்த அலமாரியைத் திறந்து மூடியவள் மூத்தவள்தான். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறாள்.

"சார் கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமேடி."

"மாத்தினியான்னுதானே கேட்டார்? நான் மாறாமத்தானே பார்த்துக்கிட்டேன்!"

சொல்லிவிட்டுச் சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது. "பார்த்தீங்களா. நான் சொன்னேன்ல? என் கைதான். அந்த மனுஷன் விழுந்தான், இங்க வந்தா இது."

மூத்தவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மனதில் ஒரு திருட்டு எண்ணம் எட்டிப் பார்த்தது. அதை மறைப்பானேன்.

"இங்க பாரு. நமக்குத்தான் தெரியும். இப்பவே பாட்டிலை மாத்திடறேன். குழாய்ல அழுக்கு இருந்துச்சு, கழுவினதும் சரியாயிடுச்சுன்னு எழுதிடலாம். அந்த அறிக்கையும் தப்பு, மறுபடி பார்க்கறோம்னு சொல்லிடுவோம். சனிக்கிழமை தாண்டட்டும்."

சின்னவள் மூக்கைத் துடைத்தாள்.

"வேணாம் அக்கா."

"ஏன்?"

"பட்டறையில ஒரு தடவை தொட்டி நிறம் கெட்டுச்சு. என்ன ஊத்தினோம்னு ஒருத்தரும் வாயைத் திறக்கலை. மறு மாசம் அதே நிறம் மறுபடி கெட்டுச்சு. எனக்கப்புறம் இங்க வர்றவளும் தண்ணிதான் ஊத்துவா. எழுதி வெச்சுட்டுப் போறேன். போறவ போறேன், ஒழுங்கா போறேனே."

மூத்தவளுக்கு வெட்கமாக இருந்தது. ஓரகத்தியைக் காப்பாற்றத்தான் அந்த யோசனை என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். பாதிதான் நிஜம், மீதிப் பாதி, கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தைக் காப்பாற்ற.

ஆய்வகத் தலைவருக்குக் கண்ணாடி என்று பெயர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் அதையே தேடுகிறவர். இருவரும் போய் நின்றபோதும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

"சார், பெட்டி ஏன் வருதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் மூத்தவள். "தப்பு என்னோடது. கோட்டுக்குக் கீழ இறங்க விடாதேன்னு எழுதி ஒட்டினேன். எதை ஊத்தணும்னு எழுதலை. அது ஏன் இறங்குதுன்னு சொல்லியும் தரலை."

"தண்ணியை ஊத்தினது நான் சார்" என்றாள் சின்னவள்.

முழுக்கக் கேட்டார். கோபம் வந்தது, முகத்தில் ஏறி நின்றது. மூன்று வாரம். மிஷின் விற்றவர்களிடம் போனில் அவர் பேசிய பேச்சு, இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது. போன அறிக்கை. திங்கட்கிழமை அழியப்போகிற மருந்து.

"தப்புன்னு இப்ப நான் எழுதினா அவங்க நம்பணுமே!" என்று மேசையைத் தட்டினார். "அன்னிக்குச் சரியில்லைன்ன, இன்னிக்குச் சரின்னு சொல்ற, நாளைக்கு என்ன சொல்லுவியோன்னு கேப்பான். எவ்வளவு தண்ணி, என்னிக்கு எவ்வளவு, ஒண்ணும் தெரியாது. குத்துமதிப்பா கதை சொன்னா எவன் கேப்பான்?"

"குத்துமதிப்பு இல்ல சார்" என்றாள் சின்னவள். "எழுதி வெச்சிருக்கேன்."

"எங்க?"

கரைசல் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் குடுவை வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினாள். பென்சிலால் வரிவரியாக எழுதியிருந்தது. தேதி, பக்கத்தில் மில்லிக் கணக்கில் அளவு. நானூற்று நாற்பது. நானூற்று ஐம்பத்தைந்து. நானூற்று ஐம்பது. நானூற்று அறுபது. அடுத்த வாரம் மறுபடி நாலு. இந்த வாரம் மூன்று, மூன்றாவது இன்று காலை ஊற்றியது. தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் கதவில் எழுத வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். எழுதாத நாளில் சாப்பாட்டுக்கு விடமாட்டார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறது.

கண்ணாடி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கீழே இறக்கினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மூத்தவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

"முதல் வெள்ளிக்கிழமை அறிக்கையில பெட்டி உயரம் எவ்வளவு?"

"எழுநூத்திப் பதினெட்டு சார்" என்றாள் மூத்தவள். அந்த எண் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

"நாளைக்கு அந்த வாரத்துத் தண்ணியை அப்படியே மறுபடி ஊத்து" என்றார் சின்னவளிடம். "ஒவ்வொரு நாளா. அதே அளவு. பெட்டி அதே உயரத்துல வந்தா கம்பெனிக்காரன் கண்ணுல காட்டிடலாம், தப்பு மருந்துல இல்ல, எங்க பாட்டில்லன்னு. வரலைன்னா என்னை எதுவும் கேக்காதீங்க."

வெள்ளிக்கிழமை சின்னவள் புதுக் கரைசல் மூன்று லிட்டர் கலக்கினாள். அதிலிருந்து நானூற்று நாற்பது வெளியே எடுத்தாள், மிஷின் குடித்த கணக்குக்கு. நானூற்று நாற்பது தண்ணீர் ஊற்றிச் சுழற்றினாள். அது செவ்வாய். நானூற்று ஐம்பத்தைந்து எடுத்து, நானூற்று ஐம்பத்தைந்து ஊற்றினாள். புதன். இப்படி ஒரு முழு வாரத்தை ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடித்தாள். ஒவ்வொரு தடவையும் உருளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி அளவு பார்த்தாள்.

மூத்தவள் குழாயை அந்தப் பாட்டிலில் போட்டுக் கோடு நிலைக்கும் வரை காத்திருந்தாள். கண்ணாடி பின்னால் நின்றார். பக்கத்து மேசைக்காரர்களும் வந்து நின்றார்கள், ராசி பற்றிப் பேசியவர்கள் உட்பட. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெறும் கரைசல் உள்ளே போனது. குப்பென்று ஏறியது. மட்டமாக நின்றது. தொப்பென்று விழுந்தது.

மூத்தவள் எண்ணைப் படித்தாள். "எழுநூத்திப் பதினாறு."

சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை போடுங்க அக்கா" என்றாள். மூத்தவள் போட்டாள். எழுநூற்றுப் பதினேழு.

பிறகு பாட்டிலை மாற்றி, நல்ல கரைசலை ஓடவிட்டு, அதே வெறும் கரைசலை அனுப்பினார்கள். கோடு அசையவில்லை. மட்டமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் வராததற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு அந்த அறை பார்த்திருக்காது. அதற்குப் பிறகு ஒதுக்கி வைத்த தொகுதியின் மருந்தை அனுப்பினார்கள். விஷம் இல்லாத வழியில் ஒன்றுமில்லை. விஷம் இருக்கிற வழியில் கோடு மெல்ல ஏறியது, கிளம்ப மனசில்லாமல் மெல்ல இறங்கியது. நல்ல மருந்து. கண்ணாடி போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழிக்காதீர்கள் என்று அவர் சொல்கிற சத்தம் சாத்திய கதவையும் தாண்டி வந்தது.

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில்தான் சின்னவளைக் கூப்பிட்டார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"வேலை நிரந்தரம். ஆனா ஒண்ணு. கதவுல எழுதாத. ஒரு நோட்டு தர்றேன். இனிமே தண்ணியாவது கரைசலாவது, நீ மட்டும் இல்ல, யார் எதை ஊத்தினாலும் அதுல எழுதணும். நான் உட்பட."

"சரிங்க சார்."

"தெரியாதது இருந்தா கேளு."

"அந்தக் கேன்ல விழறதை அப்புறம் எங்க சார் கொண்டு போவாங்க?"

கண்ணாடிக்கு அது தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வரும்போது மழை விட்டிருந்தது. ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்து மூத்தவள் டீ போட்டாள். நடு அறையிலிருந்தவன் தலையணையை முட்டுக்கொடுத்து அரை ஆளாக எழும்பி உட்கார்ந்திருந்தான். டாக்டர் அனுமதித்தது அவ்வளவுதான், அதற்கே முகத்தில் ராஜ களை. படிக்கட்டைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நாலாவது முறையாகச் சொன்னான்.

"ஆமாடா, உனக்குத்தான் மாலை போடணும்" என்றாள் மூத்தவள். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினாள். "அடியே, சந்தோஷத்துல மறந்தே போச்சு. அந்த மேஸ்திரிக்குச் சொல்லணுமே. திங்கக்கிழமை உனக்காக இடம் வெச்சுட்டு உக்காந்திருப்பார். போனைப் போடு."

"சொல்லிட்டேன் அக்கா. வரலைன்னுட்டேன்."

"எப்ப? வர்ற வழியிலயா? நான் கூடத்தானே வந்தேன்?"

"காலையிலேயே."

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். "காலையிலயா? சார் சாயங்காலம்தானேடி கையெழுத்துப் போட்டார்? காலையில ஒண்ணுமே முடிவாகலையே. அவர் வேணாம்னு சொல்லியிருந்தா? ரெண்டும் கெட்டு நின்னுருப்ப."

"நின்னுருப்பேன். வேற எங்கயாவது கேட்டிருப்பேன்." சின்னவள் டீயை ஒரு வாய் குடித்தாள். இரண்டு நாளாக அழுத கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. "அன்னிக்குப் பதினெட்டு. இன்னிக்குப் பதினாறு வந்துச்சே, அப்புறம் பதினேழு வந்துச்சே. அதைப் பார்த்துட்டு வெளியே போய் மேஸ்திரிக்குப் போன் பண்ணிட்டேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ராசி கெட்ட கைன்னா, மூணு தடவையும் அதே உசரத்துலயா அக்கா வரும்?"